இல்லாத தாத்தா நலம்

வியாழக்கிழமை காலை பதினொன்று நாலுக்கு அந்த மூன்றாவது மாடியில் இருந்தவர்கள், சர்வேயரின் நோட்டுப்படி:

கண்ணாடி அறையில்: கம்பெனியைத் தொடங்கிய நிறுவனர். ஆபீஸ் அவருக்கு வைத்திருக்கும் பெயர் வேகம் சார். எதிரே முதலீட்டாளர், அவருடைய ஆட்கள் இரண்டு பேர்.

வரவேற்பு மேஜையில்: நிர்வாகம் பார்க்கும் அண்ணி.

பதில் அறையில்: குரல் என்று பெயர் வாங்கிய தலைமை உதவியாளர். அவருக்குக் கீழே ஹெட்போன் மாட்டிய இரண்டு பெண்கள்.

கூடத்தில்: நிரல் எழுதும் நான்கு பேர். அவர்களுக்கும் சர்வர் அறைக்கும் நடுவில் நடந்துகொண்டு, தலைமைப் பொறியாளர். அண்ணியின் புருஷன். எல்லோருக்கும் அண்ணன்.

இல்லாதவர்: ஊசி. பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. அண்ணனின் கூடப்பிறந்த தங்கை. முந்தின நாள் சாயங்காலம் வேலையை விட்டுத் துரத்தப்பட்டவள்.

இன்னொருவரும் அங்கே இல்லை. அவர் எட்டுத் தெரு தள்ளி ஒரு குளியலறைத் தரையில் கிடந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், எழுபத்தாறு வயது, தனி ஆள். மணிக்கட்டில் இந்தக் கம்பெனியின் கைமணி. அன்றைக்கு மொத்தம் பத்தொன்பது தடவை அமுக்கினார்.

கடைசி வரியை எழுதும்போது சர்வேயரின் பேனா தாளைக் கிழித்தது. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கின கார்களையும் எரிந்துபோன குடோன்களையும் அளந்தவள். அந்த வேலையை விட்டுச் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கிய பிறகும் பட்டப்பெயர் அவளை விடவில்லை. கோபம் வந்தால் கத்த மாட்டாள். எழுத்து மட்டும் பெரிதாகும். இந்தத் திங்கட்கிழமை மத்தியானம் நோட்டின் ஒரு பக்கத்தில் நாலு வரிதான் பிடித்தது.

விஷயம் இதுதான். தனியாக இருக்கிற வயசானவர்கள் கைமணியைக் கட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அமுக்க வேண்டும். பதில் அறையில் திரை சிவக்கும். உதவியாளர் உடனே கூப்பிட்டுப் பேசி ஆம்புலன்ஸ் அனுப்புவார். பிறகு திரை பச்சையாகும். மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் அதை நம்பிக் கட்டியிருந்தார்கள்.

இது தவிர ஒத்திகைப் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதில் இருக்கும் இருநூறு பேரும் கற்பனை ஆட்கள். பொருளைச் சோதிப்பதற்காக ஊசி உருவாக்கியவர்கள். அவர்கள் மணி அடித்தால் திரை தானாகவே பச்சையாகிவிடும், யாருக்கும் அழைப்பு போகாது. வியாழக்கிழமை பத்து முப்பத்தொன்றுக்கு, உயிரோடு இருக்கிற மூவாயிரத்துச் சொச்சம் பேரையும் யாரோ அந்த ஒத்திகைப் பட்டியலில் தள்ளிவிட்டார்கள். மத்தியானம் இரண்டு நாற்பது வரை யார் அமுக்கினாலும் பச்சை. டிரைவரைப் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்து எடுத்தபோது மணி மூன்று. சனிக்கிழமை டிரைவர் செத்துப்போனார்.

பட்டியலில் கைவைக்க ஊசியின் லாகினுக்கு மட்டும்தான் அனுமதி. பதிவில் இருந்ததும் ஊசியின் லாகின்தான். வேலை போன ஆத்திரத்தில் வீட்டிலிருந்தே செய்துவிட்டாள் என்றார் வேகம் சார். வெளி ஆள் ஒருவர் விசாரித்துக் கையெழுத்துப் போட்டால்தான் மேற்கொண்டு பேச்சு என்று முதலீட்டாளர் சொல்லிவிட, சர்வேயரைக் கூப்பிட்டார்கள். ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவார். அறிக்கையில் ஊசியின் பெயர் இருந்தால் அவளை அங்கேயே கைது செய்து கூட்டிப்போவார். அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். இப்போது மணி மூன்று.

"அக்கா, இந்த ஆபீஸ்ல சுவத்துக்கு சுவரு ஒரு அட்டை தொங்குது," என்றான் ஒட்டடை. அவளுடைய உதவியாளன். உயரமும் ஒல்லியும் சேர்ந்து கிடைத்த பெயர். முன்பு போனில் புகார் கேட்கும் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷம் வசவு வாங்கியவன். "'விழு, எழு, ஓடு.' பாவம், அந்த டிரைவர் முதல் வார்த்தைய மட்டும் படிச்சிட்டாரு போல."

சர்வேயர் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

வேகம் சார் உட்கார்ந்து பேச மாட்டார். கண்ணாடி அறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி, தான் இந்தக் கம்பெனியைத் தொடங்கியது தன் பெரியப்பா தனியாக விழுந்து செத்ததால்தான் என்று சொன்னார். மூன்று வருஷமாகத் தூக்கம் இல்லை, பெரிய கம்பெனிகள் கழுத்தை நெரிக்கின்றன, முதலீடு வராவிட்டால் அடுத்த மாதம் கதவைச் சாத்த வேண்டியதுதான், பிறகு அந்த மூவாயிரம் பேருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். எல்லாம் நிஜமாகவே இருக்கலாம் என்று சர்வேயருக்குத் தோன்றியது. அதுதான் எரிச்சலைக் கூட்டியது.

புதன்கிழமை ஊசியை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டாள். வேலை மந்தம் என்றார். காலையில் வீட்டில் போய்ப் பார்த்தபோது ஊசி சொன்னது வேறு. உண்மையான வாடிக்கையாளர்களைப் பத்து நிமிஷம் ஒத்திகைப் பட்டியலில் போடு, முதலீட்டாளர் முன்னால் சுவர்த் திரை முழுக்கப் பச்சை தெரிய வேண்டும், இருநூறு பேரை வைத்துக்கொண்டு சுவர் காலியாகத் தெரிகிறது என்று இவர் சொன்னாராம். அந்தப் பத்து நிமிஷம் யாரும் விழ மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று அவள் திருப்பிக் கேட்டாளாம். அரை மணியில் வேலை போனது. அந்தப் பேச்சின்போது அறையில் வேறு யாரும் இல்லை.

"அப்படி ஒரு பேச்சே நடக்கல," என்றார் வேகம் சார். நடையை மட்டும் நிறுத்தவில்லை.

மிச்சமிருந்தது ஒரே ஒரு நூல்தான். ஊசியின் லாகினைத் திறக்கக் கடவுச்சொல் மட்டும் போதாது. ஆறு இலக்க எண் ஒன்று அவளுடைய ஆபீஸ் போனுக்கு வரும், அதையும் போட வேண்டும். கடவுச்சொல் அண்ணனுக்கும் தெரியும், வேகம் சாருக்கும் தெரியும். இது மாதிரி ஆபீஸ்களில் கடவுச்சொல் எல்லோர் வாயிலும் புரளும். போன் அப்படி இல்லை. அது யார் கையில் இருந்ததோ அவர்தான் ஆள்.

புதன்கிழமையே அண்ணியிடம் கொடுத்துவிட்டதாக ஊசி சொன்னாள். கொடுக்கவே இல்லை என்றாள் அண்ணி. அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக வந்தது. ரசீது வாங்கினாயா என்று சர்வேயர் கேட்டபோது ஊசி அவளை ஒரு மாதிரி பார்த்திருந்தாள்.

"சொந்த அண்ணிகிட்ட யாராவது ரசீது கேப்பாங்களா?"

அண்ணன்தான் அந்த ஆபீஸிலேயே மனுஷனாகத் தெரிந்தவர். கேட்காமலே காபி கொண்டுவந்து வைத்தார். பதிவுகளை அச்செடுத்துக் கொடுத்தார். தங்கச்சி அப்படிப்பட்டவள் இல்லை என்று மூன்று தடவை சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் கோபக்காரி என்று மூன்று தடவையும் சேர்த்துக்கொண்டார்.

மூன்றரைக்கு ஒட்டடையைக் காணவில்லை. பதில் அறையில் இருந்தான். உதவியாளர்கள் மூவரோடும் உட்கார்ந்து, போனில் தான் வாங்கிய வசவுகளைத் தரவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். குரல் என்கிற அந்த அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். அவர் பேசினால் கீழே விழுந்தவருக்கே பாதி வலி போய்விடும் போல, அப்படி ஒரு குரல். ஆனால் இன்றைக்கு அது கம்மிப்போயிருந்தது. வியாழக்கிழமை முழுக்கப் பச்சையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோமே என்று அவருக்கு ஆறவில்லை. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்றார்.

சர்வேயர் உள்ளே போனபோது ஒட்டடை சுவரோரம் நின்றிருந்தான். அங்கே ஒரு வெள்ளைப் பலகை. கம்ப்யூட்டர் ஆயிரம் கணக்குப் போட்டாலும் உதவியாளர்கள் பேசி முடித்த ஒவ்வொரு அழைப்புக்கும் அதில் கையால் ஒரு கோடு இழுப்பார்களாம். யார் அதிகம் என்று அவர்களுக்குள் போட்டி.

"வியாழக்கிழமை பத்தரைலேருந்து ஒரு அழைப்பும் போகலன்னு வேகம் சார் சொன்னாரு இல்லக்கா?" என்றான். "இங்க ஒரு கோடு இருக்கு. பதினொண்ணு மணிக் கட்டத்துல. அநாதையா நிக்குது."

குரல் எட்டிப் பார்த்தார். ஆமாம், அது தன்னுடைய கோடுதான் என்றார். ஒரு தாத்தா. திரையில் சிவந்து வந்த அழைப்பு இல்லை. காலையிலேயே வேகம் சார் வந்து ஒரு துண்டுச் சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்து, சரியாகப் பதினொன்று நாலுக்கு இவர் கைமணி அமுக்குவார், உடனே கூப்பிடுங்கள், நம்முடைய பழைய வாடிக்கையாளர், முதலீட்டாளர் ஸ்பீக்கரில் கேட்பார் என்று சொன்னாராம். கூப்பிட்டாராம். தாத்தா தங்கமான மனுஷனாம், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி வாழ்த்தினாராம்.

துண்டுச் சீட்டு இன்னும் கீபோர்டுக்கு அடியில் இருந்தது. ஒட்டடை அதை வாங்கிப் பார்த்தான். பிறகு சர்வேயரின் கையிலிருந்த ஃபைலைத் திறந்து, முதல் பக்கத்தில் விரலை வைத்தான். முதல் தடவையாக அவன் வாயில் நக்கல் வரவில்லை.

இரண்டும் ஒரே நம்பர். ஊசியின் ஆபீஸ் போன்.

சர்வேயர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஊசி காலையில் போகிற போக்கில் சொன்ன ஒன்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கற்பனை ஆளாக இருந்தாலும் போன் நம்பர் இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது. இருநூறு நம்பருக்கு எங்கே போவது? சோதனை வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். இருநூறு பேருக்கும் தன் ஆபீஸ் போன் நம்பரையே போட்டுவிட்டாள். கற்பனைத் தாத்தா ஒருவரைப் பட்டியலிலிருந்து பொறுக்கி முதலீட்டாளருக்குக் காட்டியவர்கள், அந்தத் தாத்தாவைக் கூப்பிட்டால் மணி எங்கே அடிக்கும் என்று தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருந்திருக்கிறார்.

"அம்மா, நீங்க பேசறது பதிவாகுமா?"

ஆகும் என்றார் குரல். ஒவ்வொருவரும் கடைசியாகப் பேசின நூறு அழைப்புகள் அவரவர் கம்ப்யூட்டரில் தனியாக இருக்கும். வேகம் சாரிடம் வாடிக்கையாளர் பதிவுகளைத்தானே கேட்டீர்கள், அதில் இந்தத் தாத்தா வர மாட்டார் என்றார். ஏன் வர மாட்டார் என்பது அவர் வாயிலிருந்து வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் யார்கிட்ட பேசினேன்?"

பதிவைப் போட்டார்கள். முதலில் குரலின் பேச்சு: வணக்கம் தாத்தா, கைமணி அமுக்கினீங்களே, என்ன ஆச்சு? பிறகு ஒரு கிழவரின் நடுங்கும் தொண்டை. "ஒண்ணுமில்லம்மா. கால் லேசா வழுக்கிடுச்சு. இவ்வளவு சீக்கிரம் கூப்பிடுவீங்கன்னு நினைக்கல. நல்லா இரும்மா, உங்க கம்பெனி நல்லா இருக்கட்டும்." அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், அவருடைய போன் வழியாகவே, சுவருக்கு அந்தப் பக்கம் பலர் சிரிப்பது கேட்டது. சிரிப்புக்கு நடுவில் வேகம் சாரின் தொண்டை தெளிவாக வந்தது: எட்டு செகண்ட்ல பதில் சார், எட்டே செகண்ட்.

தாத்தா கண்ணாடி அறைக்குப் பக்கத்திலேயே நின்று பேசியிருக்கிறார். போன் புதன்கிழமை இந்த ஆபீஸை விட்டுப் போகவே இல்லை.

சர்வேயர் நோட்டை எடுத்தாள். பதினொன்று இரண்டுக்கு டிரைவர் முதல் தடவை அமுக்கியிருக்கிறார். பதினொன்று நாலுக்கு ஏழாவது தடவை. அவர் ஏழாவது தடவை அமுக்கியபோது, ஊரிலேயே நல்ல குரல் ஒன்று, பிறக்கவே பிறக்காத ஒரு கிழவரிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு இவங்க காப்பாத்தின ஒரே ஆளு," என்றான் ஒட்டடை மெதுவாக, "இல்லாத ஆளு."

அவள் எழுதினாள். இந்தத் தடவை பக்கத்துக்கு ஒரே வரி.

நாலரைக்கே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். ஊசியும் வந்திருந்தாள். முப்பது வயது, குள்ளம், கையில் ஒரு துணிப்பை. லாக்கப்பில் தேவைப்படும் என்று பல்துலக்கியும் மாற்றுத்துணியும் எடுத்துவந்திருந்தாள். தப்பே செய்யாதவள்தான் இந்த ஆபீஸில் எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள்.

கண்ணாடி அறையில் எல்லோரையும் உட்கார வைத்தாள்: வேகம் சார், அண்ணன், அண்ணி, குரல், ஊசி, இன்ஸ்பெக்டர். நிரல் எழுதும் நாலு பேரும் கண்ணாடிக்கு வெளியே கூடத்தில் வேலை செய்வது போல உட்கார்ந்திருந்தார்கள். போனை வைத்திருந்தவர்தான் பட்டியலைத் தொட்டவர், அவருடைய குரல் இதில் இருக்கிறது, இந்த மாடியில் அன்றைக்கு வேலைக்கு வந்திருந்த ஆண் ஒருவர் என்று சர்வேயர் சொன்னாள். யார் என்று தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றாள். பதிவைப் போட்டாள்.

கிழவரின் தொண்டை அறையில் நடுங்கி முடிந்தது. சர்வேயர் ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல," என்றாள் ஊசி. "போதும், நிறுத்திடுங்க."

அந்தப் 'போதும்' சர்வேயரைப் பிடித்துக்கொண்டது. ஒரு பொத்தானை நூறு தடவை அமுக்கிப் பார்க்காமல் சரி என்று சொல்லாதவள், தன்னை ஜெயிலிலிருந்து காப்பாற்றக்கூடிய ஒரே குரலை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போதும் என்கிறாள். நிஜமாகத் தெரியாதவளாக இருந்தால் இன்னொரு தடவை போடச் சொல்லியிருப்பாள்.

சர்வேயர் அதை வெளியே சொல்லவில்லை. யாரைக் காப்பாற்றுகிறாள் என்று தெரிந்துவிட்டது. இனி அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி. உங்களுக்குத் தெரிகிறதா என்று அண்ணன் பக்கம் திரும்பினாள். தங்கை எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் அந்தத் துணிப்பை. ஒரு வார்த்தை போதும். அதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரத்தையும் சர்வேயர் அவருக்குக் கொடுத்தாள்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்கு இங்க நிறைய ஃப்ரெண்ட்ஸ் மேடம்," என்றார். "வெளிய உக்காந்திருக்கானுங்களே, அந்த நாலு பேர்ல ஒருத்தன்கிட்ட போனக் குடுத்துட்டுப் போயிருப்பா. அவ சொல்லித்தான் அவன் பேசியிருக்கணும். கோவத்துல பண்ணிட்டா. நான் தங்கச்சிக்காக மன்னிப்பு கேட்டுக்கறேன்."

ஊசி துணிப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள்.

போட்டாள். ஊசி கடைசி வரை கேட்டாள். பிறகு அண்ணனைப் பார்த்து, சத்தம் உயராமல் பேசினாள்.

"எட்டாங்கிளாஸ்ல கணக்குப் பரீட்சைக்கு நான் பயந்துகிட்டு நின்னப்ப, இதே தொண்டையில ஸ்கூலுக்குப் போன் பண்ணின. 'பேத்திக்குக் காய்ச்சல் டீச்சர், கால் வேற வழுக்கிடுச்சு'ன்னு. அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சோம். இன்ஸ்பெக்டர் சார், இது என் அண்ணன்."

முதலில் உடைந்தது அண்ணி. போன் தன் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது, புருஷன் கேட்டார், கொடுத்தேன், எதற்கு என்று தெரியாது, ஆள் செத்த பிறகு வாயைத் திறக்காதே என்று சொன்னார் என்று ஒரே மூச்சில் கொட்டினாள். நாத்தனார் முகத்தை மட்டும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அண்ணன் மறுக்கவில்லை. பத்து நிமிஷம் என்றுதான் நினைத்தேன் என்றார். பத்து நிமிஷத்தில் எல்லோரையும் பழையபடி எடுத்துவிட்டிருப்பாராம். அதற்குள் வேகம் சார் உள்ளே கூப்பிட்டாராம். முதலீட்டாளர் அவர் தோளில் கையைப் போட்டு, இந்த மாதிரி ஒரு பொருளைக் கட்டின மூளையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, கேள்வி மேல் கேள்வி கேட்டாராம். சாப்பாடு வந்ததாம். வாழ்க்கையில் யாரும் அப்படிக் கேட்டதில்லையாம்.

"மறந்துட்டேன்," என்றார்.

சர்வேயர் இருபது வருஷத்தில் பல விதமான வாக்குமூலம் கேட்டவள். பொறாமையில் தீ வைத்தவனைப் பார்த்திருக்கிறாள், போதையில் வண்டியை ஏற்றியவனைப் பார்த்திருக்கிறாள். மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு உயிரை யாரோ பாராட்டினார் என்பதற்காக ஒருவன் மறந்துபோனதை இன்றைக்குத்தான் கேட்டாள்.

வேகம் சார் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தார். இது ஒரு தனி மனிதரின் தவறு, தனக்கு இப்போதுதான் தெரியும், அதிர்ச்சியாக இருக்கிறது என்றார். அப்போது குரல் பேசினார். மூன்று நாளாகக் கம்மியிருந்த தொண்டை திடீரென்று திறந்துகொண்டது.

"பன்னெண்டு மணிக்கு நான் வந்து இந்தக் கதவத் தட்டினேன் சார். ஒன்றரை மணி நேரமா ஒரு அழைப்பும் வரல, ஏதோ கோளாறுன்னு சொன்னேன். முதலீட்டாளரும் அவர் ஆளுங்களும் இருக்கறப்பவே நீங்க என்ன சொன்னீங்க? 'அதாம்மா நம்ம பொருளோட வெற்றி, யாரும் விழவே இல்ல பாருங்க'ன்னீங்க. எல்லாரும் கை தட்டினாங்க."

வேகம் சாரின் நடை நின்றது. அந்த மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இருக்கலாம். பிறகு அவர் கெஞ்சும் தொனியில் ஆரம்பித்தார். புதிதாக ஒன்றைத் தொடங்கும் எல்லோரும் இதைச் செய்கிறார்கள், இன்னும் ஆறு மாதத்தில் நிஜமாகவே எட்டு செகண்டுக்குக் கொண்டுவந்திருப்போம், நாளை வரப்போவதை இன்றைக்குக் காட்டாவிட்டால் எவனும் காசு தர மாட்டான், நீங்கள் இதை ஒரு தடவை முயன்று பார்த்தால்தான் தெரியும் என்றார்.

"நீங்க காட்டினது நாளைக்கு வரப்போற பொருள்," என்றாள் சர்வேயர். "அவர் விழுந்தது வியாழக்கிழமை."

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. அறிக்கையை எடுத்து, ஊசியின் பெயருக்காக விட்டிருந்த கோட்டில் இரண்டு பெயர்களை எழுதிக் கையெழுத்துப் போட்டு, இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். எழுத்து மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்தே படிக்கிற அளவில் இருந்தது. வேகம் சார் முதலீட்டாளருக்குப் போன் போட்டார். அது அடித்துக்கொண்டே இருந்தது, அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. வக்கீலோடு ஸ்டேஷனுக்கு வாருங்கள், இல்லாவிட்டால் நானே வந்து கூட்டிப்போவேன் என்று இன்ஸ்பெக்டர் அவரிடம் சொன்னார். அண்ணனை அங்கேயே எழுப்பினார்.

குரல் அதற்குள் பதில் அறைக்குப் போய்விட்டார். கண்ணாடி வழியாக அவருடைய திரை சிவப்பது தெரிந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குனிந்து, யாரிடமோ பேசத் தொடங்கினார்.

ஸ்டேஷன் இரண்டு தெரு தள்ளி. சாயங்கால வெயிலில் நடந்தே போனார்கள். அண்ணி வாசலோடு நின்றுவிட்டாள். ஊசி உள்ளே போய், எழுத்தர் எதிரில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்தர் ஓரிடத்தில் நேரத்தைத் தப்பாக எழுத, அதைத் திருத்தச் சொன்னாள். சர்வேயரும் ஒட்டடையும் சுவரோரம் பெஞ்சில் இருந்தார்கள். நல்ல விதமாக முடிந்தது என்று சொல்ல ஒட்டடை வாயைத் திறந்து, சர்வேயரின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அண்ணனின் பெல்ட்டையும் கடிகாரத்தையும் கழற்றி வாங்கினார்கள். அவர் நடைபாதையில் ஊசியின் பக்கத்தில் வந்ததும் நின்றார். அடித்துவிடுவாளோ என்று பார்க்கிற மாதிரி பார்த்தார். அவள் கையை அசைக்கவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிடாத," என்றார். "வேலை விஷயமா வெளியூர் போயிருக்கேன்னு சொல்லு. ரெண்டு நாளைக்குத்தான. அம்மாவுக்கு இதயம் வேற சரியில்ல."

எல்லாவற்றையும் போல இதையும் அவர் அன்பாகத்தான் கேட்டார். சர்வேயர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். ஒட்டடை அவள் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

ஊசி அண்ணனை நேராகப் பார்த்தாள்.

"முடியாது. இன்னிக்கே சொல்லப் போறேன்," என்றாள். "நடந்தது நடந்தபடி."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். கான்ஸ்டபிள் அவர் முதுகில் கையை வைத்து உள்ளே தள்ளி, கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினார்.